இன்னும் செய்யாத டிரம்

பழைய டிரம் செட்டைப் பிரித்துப் பார்த்தே அது எந்த வருஷத்தில் செய்தது என்று சொல்லிவிடுவார் என்பதால் அவருக்குக் காலண்டர் என்று பெயர். வைத்தவள் தங்கை. "எங்கண்ணன் எல்லா தேதியும் சொல்லுவாரு, அவரு கல்யாண தேதியத் தவிர" என்று போகிற இடமெல்லாம் மானத்தை வாங்குவாள்.

அன்று மத்தியானம் தரகர் ஒரு செட்டைக் கொண்டுவந்து கடையில் இறக்கினார்.

"நாலும் ஒரே வருஷத்துச் சரக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க காலண்டர் சார். உங்க வாய்க்கு சர்க்கரை போடறேன்."

"வாய் கெடக்கட்டும். மொதல்ல தோலக் கழட்டுவோம்."

செட் உள்ளூர் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி இரண்டு முறை கைமாறியிருந்தது. ஆரம்பித்தவர் காலத்தில் தடித்த மரம். விளிம்பு கோணாமல் இருக்க உள்ளே ஒரு மரவளையம். பிறகு பொம்மை வியாபாரி ஒருவர் வாங்கினார், வளையம் போயிற்று. மூன்றாவது ஆள் வந்தார், தடித்த மரமும் போயிற்று. மெல்லிய பலகைகளை ஒட்டி, ஒட்டு தெரியாமலிருக்கச் சாம்பல் பெயிண்ட் அடித்தார்கள். முதலாளி மாறும்போதெல்லாம் டிரம்மிலிருந்து ஏதாவது ஒன்று காணாமல் போகும். எது காணோம் என்று பார்த்தால் காலம் தெரிந்துவிடும். காலண்டரின் வித்தை அவ்வளவுதான்.

பெரிய டிரம்முக்குள் டார்ச் அடித்தார். வளையம் இருந்தது. அடுத்ததில் இல்லை. மூன்றாவதில் சாம்பல் பெயிண்ட்.

"தரகரே, இது குடும்பம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல சந்திச்சுக்கிட்டவங்க."

தரகர் முகம் தொங்கிப்போயிற்று. "அந்தக் குட்டியாவது?"

குட்டி டிரம்மின் பேட்ஜில் அதே கம்பெனியின் பெயர், அதற்கு மேல் சின்னமாக ஒரு கொக்கு. காலண்டர் அந்தக் கொக்கைப் பார்த்ததே இல்லை. உள்ளே நீலப் பெயிண்ட், காயவிடாமல் தூக்கியதில் கண்ணீர்க் கோடுகளாக வழிந்து நின்றிருந்தது. மெஷினை விரட்டி ஓட்டியிருக்கிறார்கள்; விளிம்பு முழுக்கப் பல்லால் கடித்தது போலத் தழும்பு. ஆனால் ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகியிருந்தன, பாலிஷ் செதில் செதிலாக உதிர்ந்தது.

"அடி வாங்கியே இதுக்கு இருபது வருஷம் ஆகியிருக்கும். ஆனா எந்த முதலாளி காலத்துலயும் இது பொறக்கல."

"நல்லா இருக்கு கதை! டீ குடிச்சுட்டு வரேன், அதுக்குள்ள எங்கயாவது பெத்து வெய்ங்க."

தரகர் போனதும் டார்ச்சை இன்னும் சாய்த்தார். ஈரப் பெயிண்டில் யாரோ வலது கையை ஊன்றிய தடம். உள்ளங்கையில் குறுக்கே ஒரு தழும்பு, நுனியில் கொக்கி போல வளைந்து.

அந்தத் தழும்பு அவர் போட்டது. சின்ன வயதில் தங்கை சைக்கிள் செயினில் கை வைத்திருந்ததைக் கவனிக்காமல் பெடலைச் சுற்றியவர் அவர்தான். தங்கை அதே கம்பெனியில்தான், டிரம்மின் விளிம்பு சீவும் மெஷினில் வேலை பார்க்கிறாள்.

தடத்தை மறுபடி பார்த்தார். மோதிர விரல் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் நீலம்.

தரகர் டீ குடித்துவிட்டு வந்து, குட்டியை மட்டும் அங்கேயே விட்டுப் போனார். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து தங்கை உள்ளே நுழைந்ததும் அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். ஐந்து விரலும் இருந்தன.

"என்னண்ணா, ஜோசியம் வேற ஆரம்பிச்சுட்டியா? அதுலயாவது நாலு காசு வருதா பாரு." பையை வீசினாள். "விஷயம் தெரியுமா? கம்பெனி மறுபடி கைமாறிடுச்சு. காலையிலதான் சொன்னாங்க." கழுத்தில் தொங்கிய புது அட்டையைத் தூக்கிக் காட்டினாள். கொக்கு.

"எத எடுத்தான்?"

"என்னது?"

"புது முதலாளி. வந்ததும் எதையாவது எடுப்பானே. எத எடுத்தான்?"

"என் மெஷின்ல பிளேடு மேல ஒரு இரும்பு மூடி இருக்குல்ல, அதால வேகம் கொறையுதாம். நாளைக்கு வேலை ஆரம்பிக்கறப்போ கழட்டறாங்க. ஏன் இப்படி முழிக்கற?"

அவர் டிரம்மை அவள் பக்கம் திருப்பி, உள்ளே டார்ச் அடித்தார். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே கை வைத்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தழும்பு தழும்பில் உட்கார்ந்தது. மோதிர விரலுக்கு அடியில் மட்டும் ஐஸ் வைத்தது போலக் குளிர்ந்தது.

"நீ நாளைக்குப் போகாத."

"போகல." கையை உதறிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நான் போகலன்னா பக்கத்து மெஷின்காரிய அங்க நிறுத்துவாங்கண்ணா. மாசமா இருக்கா அவ."

சொல்லி முடிப்பதற்குள் டார்ச் வெளிச்சத்தில் ஏதோ நகர்ந்தது. இருவரும் குனிந்தார்கள். தழும்பைக் காணோம். உள்ளங்கை சிறுத்து, விரல்கள் மெலிந்து, அது வேறு யாருடைய கையோ. இல்லாத விரல் மட்டும் அப்படியே இல்லாமல் இருந்தது.

காலண்டர் டிரம்மைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். தங்கை நகரவில்லை.

"காலையில இத தூக்கிட்டு என்கூட வாண்ணா."

காலையில் கம்பெனி வாசலில் ஒரு ஸ்டூல், அதன் மேல் டிரம். "அண்ணனும் தங்கச்சியும் வித்தை காட்ட வந்திருக்காங்க டோய்!" என்று பெயிண்ட் அடிக்கிற நெட்டையன் கத்தினான். முதலில் கை வைத்ததும் அவன்தான். அதோடு அவன் வாய் மூடிக்கொண்டது. பேக்கிங் பிரிவின் குண்டு அண்ணன் வைத்தார். பக்கத்து மெஷின்காரி, வயிற்றைத் தாங்கிக்கொண்டு குனிந்து வைத்தாள். பெரிய கை, சின்னக் கை, மொரமொரப்பான கை, ஒவ்வொருவருக்கும் ரேகை முதற்கொண்டு பொருந்தியது. ஒவ்வொருவர் மோதிர விரலும் வெறும் நீலத்தின் மேல் கிடந்தது.

சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. மறுபடி ஊதியது. உள்ளே ஒரு மெஷினும் இரையவில்லை.

புது முதலாளி மேனேஜரோடு வேகமாக வந்தார். "என்ன கூட்டம்? என்ன அது?"

"உங்க டிரம்தான் சார்," என்றார் காலண்டர். "நீங்க இன்னும் செய்யல."

பக்கத்து மெஷின்காரி டிரம்மைத் தூக்கி, அதன் வாய் அவரைப் பார்க்கும்படி நீட்டினாள்.

"நாங்க எல்லாரும் வெச்சுப் பாத்துட்டோம். நீங்களும் ஒரு தடவ கை வெச்சுப் பாருங்க சார்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவருக்கு அங்கே என்ன தெரிந்ததோ. இரண்டு கைகளையும் அவசரமாக பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"அந்த மூடியக் கழட்ட வேணாம்னு சொல்லு."