சியோலிலிருந்து வந்த வழக்கம்

சியோலில் மகன் நவநீத் வீட்டில் தங்கிவிட்டு வந்ததிலிருந்து, என் கணவர் தன் டம்ளரில் தானே காபி ஊற்றிக்கொள்ள மாட்டார்.

“அங்கே எல்லாரும் அடுத்தவாளுக்குத்தான் விடறா, கேட்டியா? நீ எனக்கு விடு. நான் உனக்கு விடறேன்.”

“நம்ம கரமனையில இந்தக் கூத்தெல்லாம் ஆருக்கு வேணும்?” என்று எரிந்து விழுவேன். மனிதர் அசைய மாட்டார். ஆறிப்போகிறதே என்று அவர் டம்ளரை நிரப்புவேன். உடனே பாத்திரத்தை வாங்கி என் டம்ளரை நிரப்புவார். கல்யாணமான நாளிலிருந்து, எல்லாருக்கும் கொடுத்தபின் மிச்சத்தை அடுக்களையில் நின்றுகொண்டே குடித்தவள் நான். அவர் எதிரில் உட்கார்ந்து சூடாகக் குடிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

போன மாதம் அவர் போய்விட்டார்.

காரியங்களுக்கு வந்த நவநீத் இன்று காலை, ஃபோனைப் பார்த்துக்கொண்டே தன் டம்ளரில் தானே ஊற்றிக்கொண்டான்.

“நீ குடிக்கலையாம்மா?”

அந்த ஊரிலேயே இருக்கிறாயே, உனக்குத் தெரியாதா என்று கேட்க வாய்வரை வந்தது.

“அப்பறம் குடிக்கறேன்,” என்றேன்.

அவன் குளிக்கப் போனான். காபிப் பாத்திரத்தை அடுக்களைக்கு எடுத்துப் போய், மிச்சத்தை நின்றுகொண்டே குடித்தேன்.