பொழிச்சலூருக்கு முப்பத்தொன்று

வெப்சைட்டுக்கும் மார்க் போடுவார்கள் என்பதே அன்றுவரை விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியாது. குரோம்பேட்டையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் கிளினிக் வைத்திருக்கிறாள். அவளுடைய தளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜேசன்தான் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"இதுதான் அத்தாரிட்டி ஸ்கோர் மேடம். நூத்துக்கு எவ்ளோன்னு. உங்களுக்குப் பதினாலு."

"ஜாஸ்மினுக்கு?"

ஜேசன் அதுவரை அந்தப் பெயரை எடுக்கவே இல்லை. தயங்கிவிட்டுத் தட்டிப் பார்த்தான். "முப்பத்தொண்ணு."

ஜாஸ்மின் அவளிடம் வேலைக்குச் சேர்ந்து, தொழில் பழகி, போன வருடம் விலகிப் பொழிச்சலூரில் தன் வீட்டு மாடியிலேயே கிளினிக் திறந்தவள். போகிற அன்று கட்டிப்பிடித்து அழுதாள். விஷ்ணுப்ரியாவும் அழுதாள். பம்மலிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மாக்கள் ஒவ்வொருவராகக் குறையத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

"எப்படி அவளுக்கு அவ்வளவு?"

"வேற சைட்டுங்க நம்ம சைட்டுக்கு லிங்க் குடுத்தா, அது சிபாரிசு மாதிரி மேடம். அதை வெச்சு வெளி கம்பெனிங்க கணக்குப் போட்டு இந்த நம்பரைச் சொல்றாங்க. கூகுள் போடற மார்க் இல்ல இது. நம்பரை விடுங்க, யாரு சிபாரிசு பண்றாங்கன்றதுதான் முக்கியம்."

"அவளுக்கு யார் பண்றாங்க?"

ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு, செம்பாக்கத்து அம்மாக்கள் சேர்ந்து நடத்தும் ஒரு தளம், ஒரு பள்ளி ஆசிரியையின் வலைப்பூ. அந்த ஆசிரியை எழுதியிருந்ததை விஷ்ணுப்ரியா திறந்து படித்தாள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், ஜாஸ்மின் காகிதப் பொம்மைகளை வைத்துப் பேச்சுக் கொடுக்கக் கொடுக்க, ஒரு நாள் தானாகவே "தண்ணி" என்று கேட்டானாம். அந்தக் காகிதப் பொம்மை வித்தையை ஜாஸ்மினுக்குச் சொல்லிக்கொடுத்ததே விஷ்ணுப்ரியாதான். பதிவில் எங்கேயும் அவள் பெயர் இல்லை.

"காசு குடுத்து எழுத வெச்சிருப்பா."

"இல்ல மேடம். படிச்சாலே தெரியுதே, அந்த டீச்சர் மனசார எழுதியிருக்காங்க."

அந்த 'மனசார'தான் அவளைச் சுட்டது. ஒரே மாதத்தில் ஸ்கோர் ஏற்றித் தருவதாக வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் ஒரு விளம்பரத்துக்கு அன்றே பதில் போட்டாள். ஜேசனிடம் சொல்லவில்லை. சொன்னபடியே ஸ்கோர் ஏறி, முப்பத்தாறில் வந்து நின்றது. ஒரு குழந்தை போய் அடுத்த குழந்தை வருவதற்குள் போனை எடுத்து அதைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் புதிதாக ஒரு அம்மாகூட அழைக்கவில்லை.

ஜேசன் கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா மேடம் இது? சூதாட்ட சைட்டு, செருப்புக் கடை, எந்த நாட்டு பாஷைன்னே தெரியாத பக்கங்க. குழந்தைங்க பேச்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? காசு குடுத்தா இவங்க யாருக்கு வேணாலும் லிங்க் குடுப்பாங்க. அதனால நம்பர் ஏறும், ஆனா கூகுள் நம்பாது. ரொம்ப மோசமாப் போனா உங்க சைட்டையே கீழ தள்ளிடும்."

"கீழ தள்ளிடுமா?"

"தள்ளலாம்."

அவன் எச்சரிக்கையாகச் சொன்னது அவளுக்கு யோசனையாகத் தங்கிவிட்டது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் விளம்பரக்காரனுக்கு ஜாஸ்மினின் தள முகவரியை அனுப்பி, "இதற்கும் அதே மாதிரி போடுங்கள்" என்று எழுதினாள். யாருக்காக என்று அவன் கேட்கவே இல்லை.

பிறகு தினமும் பார்த்தாள். ஜாஸ்மினின் ஸ்கோர் முப்பத்தொன்றிலிருந்து நாற்பதாக ஏறியது. தேடிப் பார்த்தால் அவளுடைய கிளினிக் முன்போலவே முதலில் வந்தது. விஷ்ணுப்ரியாவின் தளமோ இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தது.

அடுத்த முறை வந்த ஜேசன் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்களுக்கு நிஜமான லிங்க் இருக்கு, அதனால இந்தக் குப்பையை கூகுள் கண்டுக்கல. உங்களுக்கு நாமளா பேரைப் பதிஞ்சுவெச்ச டைரக்டரிங்களும் இந்த வாங்கினதும்தான்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரெண்டு சைட்டுலயும் அதே செருப்புக் கடைதான் மேடம் இருக்கு."

அவளுக்குக் காதுவரை சூடேறியது.

"உங்க சைட்டுக்கு வந்த குப்பை லிங்க்கைக் கணக்குல எடுக்க வேணாம்னு கூகுளுக்கு எழுதிடறேன்" என்றான் அவன். "அவங்களோடதை அவங்கதான் பண்ணணும்."

விளம்பரக்காரனிடம் எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். பதில் இல்லை. ஜாஸ்மினிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அவள் மேலிருந்த எரிச்சலை வைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தாள். ல, ள, ழ மூன்றையும் குழப்பிக்கொள்ளும் குழந்தைக்கு நாக்கை எங்கே வைக்கச் சொல்வது, வீட்டில் எந்த விளையாட்டில் அதைப் பழக்குவது என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டி, தானே பேசிக்காட்டி வீடியோவும் எடுத்துப் போட்டாள். ஜாஸ்மினுக்கு இவ்வளவு தெரியாது என்று ஊர் பார்க்கட்டும் என்றுதான் அதைப் போட்டாள்.

சில வாரங்கள் கழித்து ஜாஸ்மினே அழைத்தாள்.

"அக்கா, உங்க ழகரம் பக்கம் பார்த்தேன். சூப்பர்க்கா. என் சைட்டுல லிங்க் போட்டுட்டேன், கேக்காம பண்ணிட்டேன், பரவால்லையா? 'எனக்குக் கத்துக்குடுத்த அக்கா'ன்னு எழுதியிருக்கேன்."

விஷ்ணுப்ரியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் தளத்துக்கு இதுவரை யாரும் தானாகக் கொடுத்த லிங்க் ஒன்றுகூட இல்லை. முதலாவதும் இவள் கையாலா வரவேண்டும்?

"ஜாஸ்மின், உன் சைட்டுக்குக் கண்ட கண்ட லிங்க் வந்திருக்கும். செருப்புக் கடை, சூதாட்டம்னு."

"ஆமாக்கா, ஏதோ வந்திருக்குன்னு சொன்னாங்க. உங்களுக்கு எப்படி..."

"நான்தான் போடவெச்சேன். உன்னைக் கீழ இறக்கணும்னு."

ஜி.எஸ்.டி. ரோட்டுப் பஸ்களின் ஹாரன் மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா?" என்று கேட்டாள் ஜாஸ்மின்.

"வயித்தெரிச்சல்."

"லிங்க்கை எடுக்க மாட்டேன்" என்றாள் ஜாஸ்மின், கடைசியில். குரல் மாறியிருந்தது. "அது குழந்தைங்களுக்காகப் போட்டது. ஆனா நீங்க இனிமே எனக்கு போன் பண்ணாதீங்க."

போன் வைக்கப்பட்ட பிறகும் விஷ்ணுப்ரியா அதைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். அவமானமாக இருந்தது. அதற்கு அடியில், இப்படிச் சொல்ல ஜாஸ்மினால் முடிகிறதே என்ற பொறாமையும் இருந்தது. அது போகவில்லை.

அந்த வாரம் அனகாபுத்தூரிலிருந்து ஓர் அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். எப்படித் தெரியும் என்று விஷ்ணுப்ரியா கேட்டாள்.

"பொழிச்சலூர் மேடம் சைட்டுலதாங்க பார்த்தேன். ழ வராத குழந்தைங்களுக்கு நீங்கதான் கரெக்டுன்னு போட்டிருந்தாங்க."

"உட்காருங்க" என்றாள் விஷ்ணுப்ரியா. பையனின் எதிரே தரையில் அமர்ந்து, அவன் பெயரைக் கேட்டாள்.