துண்டுக்கடியில் பேசிய விலை

வேலந்தாவளத்தில் கந்தப்பன் சந்தேகப்படாத ஆள் ஒருவர்தான் இருந்தார்: அவர் மனைவி மருதாத்தாளின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி. மற்றபடி பால்காரர் தண்ணீர் ஊற்றுவார், கண்டக்டர் சில்லறையை அமுக்குவார், மருதாத்தாளே காசைக் கண்டால் பிறந்த வீட்டுக்குக் கடத்துவாள். மச்சான் கேட்கிறவர் அல்ல, இவள்தான் கேட்காமலே கொடுப்பாள் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

எழுபத்து மூன்றாம் வருஷம் வைகாசியில் சித்தூர் முன்சீப் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஊர் மலையாள எல்லைக்குள் இருந்ததால் காகிதம் முழுக்க மலையாளம். கந்தப்பன் தமிழையே தட்டுத்தடுமாறித்தான் படிப்பார். எருதுச் சோடி வாங்கியதில் நானூறு ரூபாய் பாக்கி என்று பொள்ளாச்சி வியாபாரி கருப்புசாமி கேஸ் போட்டிருப்பதாகக் கொண்டுவந்த சேவகன் சொன்னான்.

கந்தப்பனுக்குப் பகீரென்றது. அந்த நானூறை மாசியிலேயே ஈஸ்வரமூர்த்தியிடம் கொடுத்தனுப்பியாயிற்று. மருதாத்தாள்தான் எண்ணிக் கொடுத்தாள். "நீங்களே நேராப் போய்க் குடுத்தா என்னங்க?" என்று அவள் கேட்டபோது, சொந்த அண்ணனை நம்பாதவள் என்று அதட்டியவரும் அவர்தான்.

"அன்னிக்கே அவங்கையில குடுத்துட்டனுங்க மாப்ள," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நீங்க கோர்ட்டுப் பக்கம் போகாதீங்க. போனாத்தான் கேஸு நிக்கும். காயிதத்தக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

கந்தப்பன் அவரை நம்பினார். வியாபாரிதான் இரண்டாம் தடவை வசூலிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினார். ஆனால் எந்தக் காகிதத்தையும் கைவிட்டுக் கொடுத்துப் பழக்கமில்லை. சம்மனை இடுப்பிலேயே செருகிக்கொண்டார்.

"போகாட்டி எருத ஜப்தி பண்ணிருவாங்கன்னு பால்காரர் சொல்றாருங்க," என்றாள் மருதாத்தாள். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சாச்சும் பாக்கலாமுங்க."

பால்காரர் சொன்னால் அதில் என்ன சூதோ என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சோடி போனால் இந்த வருஷம் உழவே இல்லை. மறுநாள் இருவரும் சித்தூர் பஸ் ஏறினார்கள்.

வக்கீல் துரைசுவாமி கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். எதிராளியிடமும் பணம் வாங்கியிருப்பாரோ என்று கந்தப்பன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் சம்மனோடு இருந்த பிராதைப் படித்தார்.

"சோடிக்கு விலை ஆயிரத்து நானூறாக்கும். ஆயிரம் கொடுத்தாச்சு, மிச்சம் நானூறுன்னு இருக்கு. விலை சரிதானே?"

"சரிதானுங்க," என்றாள் மருதாத்தாள்.

கந்தப்பன் அந்தத் தாளை எட்டிப் பார்த்தார். வேலந்தாவளம் சந்தையில் யாரும் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான். கருப்புசாமியின் விரலும் அவர் விரலும் முடித்த விலை ஆயிரத்து நூறு. எழுநூறை அங்கேயே கொடுத்தார். வீட்டுக்கு வந்து, மருதாத்தாளிடமும் மச்சானிடமும் ஆயிரத்து நானூறு என்று சொல்லிவிட்டு, முந்நூறை ஒளித்து வைத்தார். அந்தப் பொய் விலை கருப்புசாமிக்கு எப்படித் தெரியும்?

"இதுல சாட்சி யாருங்க சாமி?" என்று கேட்டார் கந்தப்பன்.

வக்கீல் கடைசித் தாளைப் புரட்டினார். "ஒருத்தன்தான். ஈஸ்வரமூர்த்தி, வேலந்தாவளம்."

நானூறை முழுங்கிவிட்டு, வியாபாரி நெருக்கியதும் பழியை இவர் தலையில் போட்டு, கேஸுக்கு விவரம் சொல்லி எழுத வைத்ததே மச்சான்தான். கோர்ட்டுக்குப் போகாதே என்றதும் அதற்குத்தான். மலையாளம் படிக்கத் தெரியாத கருப்புசாமி, பாக்கி அதே நானூறு என்று கேட்டதும் கையெழுத்துப் போட்டிருப்பான்.

"விலை ஆயிரத்து நூறுதானுங்க," என்றார் கந்தப்பன் தரையைப் பார்த்து. நடந்ததை எல்லாம் சொன்னார்.

"இதைப் பதில்லே எழுதிட்டா, நிஜ விலையே தெரியாத சாட்சியோட புளுகு நிக்காது. ஆனா பணத்தை எண்ணிக் கொடுத்தவா கூண்டேறிச் சொல்லணும்," என்றார் வக்கீல்.

மருதாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சாட்சிக்காரன் கூடப் பிறந்தவன்தான்.

"நாஞ் சொல்றனுங்க சாமி," என்றாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். "அந்த முந்நூற எதுக்குங்க மறச்சீங்க?"

"உங்க ஊட்டுக்குக் குடுத்துருவயோன்னுதான்."

"இத்தன வருசத்துல நான் அங்க ஒத்தக் காசு குடுத்ததில்லீங்க. நானூறு குடுக்கச் சொன்னது நீங்க."

கந்தப்பன் சம்மனை எடுத்து அவளிடம் நீட்டினார். "இத நீயே வெச்சுக்க."

அவள் வாங்கவில்லை.

"மொதல்ல அந்த முந்நூறக் கொண்டாங்க. வக்கீலய்யா பீச நான் எண்ணிக் குடுக்கறேன்."