தெரிந்தவர் பார்க்கக் கூடாது

அந்த விதியை எழுதியதே அவள்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவருக்கு, உள்ளே இருக்கும் குடும்பத்தைத் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்த முகம் என்று பட்டால் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஏன், எதற்கு என்ற பேச்செல்லாம் பிறகு. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவள் குரலில் தனிக் கண்டிப்பு ஏறிவிடும். "உங்க சித்தப்பாவா இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரரா இருந்தாலும் சரி. எந்திரிச்சுப் போயிடணும். அடுத்தவங்க வீட்டு விஷயம், விளையாட்டு இல்ல" என்பாள்.

குழந்தைக்குத் தீராத வியாதி வந்துவிட்ட வீடுகள் அதோடு எப்படிப் பழகிக்கொள்கின்றன, யார் யார்மேல் எரிந்து விழுகிறார்கள், யார் யாரைத் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் அவள் செய்துவந்த மனநல ஆராய்ச்சி. ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே பிரிவில் அதற்கென்று அடுத்தடுத்து இரண்டு அறைகள் கொடுத்திருந்தார்கள். ஒன்றில் சோபா, வட்ட மேஜை, சுவர் நிறைய ஒரு கண்ணாடி. பக்கத்து இருட்டறையிலிருந்து பார்த்தால் அதே கண்ணாடி ஜன்னல். குடும்பம் வந்து உட்காரும். "இந்த வியாதியால வீட்ல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்ற கேள்வியைக் கொடுத்துவிட்டு நடத்துபவர் ஓரமாகப் போய்விடுவார். அவர்கள் பேசப் பேச, இந்தப் பக்கம் இருப்பவர் பழி போடுதல், பரிவு, அதட்டல், தட்டிக்கொடுத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி.

நடத்துகிற அம்மாள் மணி அடித்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார், மணி அடித்துத்தான் முடிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் கண்டக்டர். வரப்போவது எந்தக் குடும்பம் என்று கண்டக்டருக்கு மட்டும்தான் தெரியும். மதிப்பெண் போடுகிறவர் முன்கூட்டியே ஒரு நினைப்போடு உட்காரக் கூடாதல்லவா, அதற்காக இந்த ஏற்பாடு. வழக்கமாக இருட்டறையில் இரண்டு பேர் இருப்பார்கள். அன்று காலை இன்னொருவருக்குக் காய்ச்சல். அவள் மட்டும் தனியாக உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. முதலில் உள்ளே வந்தது ஒரு சிவப்புத் தண்ணீர் பாட்டில். அது அவளே வாங்கிக் கொடுத்த பாட்டில். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாண்டு வந்தாள். பின்னால் அண்ணி, அதற்கும் பின்னால் அண்ணன்.

வாண்டு அவளுடைய அண்ணன் மகள், வயது ஒன்பது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வியாதி வந்தது. பெரியவர்களுக்கு வருகிற ரகம் இல்லை, குழந்தைகளுக்கு வருவது. வேளாவேளைக்கு விரலில் குத்திப் பார்த்து இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, சட்டென்று இறங்கினால் அதைவிட ஆபத்து. ஆஸ்பத்திரி நர்ஸ் யாரோ கேட்டிருக்கிறார், இவர்களும் சரியென்று வந்துவிட்டார்கள். இது யார் நடத்தும் ஆராய்ச்சி என்று கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அண்ணி இப்போதெல்லாம் அவளிடம் எதைத்தான் சொல்கிறாள்?

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றக் கை போனது. போகத்தான் போனது. அதற்குள் கண்டக்டர் வழக்கமான பாட்டை ஆரம்பித்துவிட்டார். "கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தர் இருப்பாங்க. உங்களுக்குத் தெரியாதவங்க. அதனால மனசுவிட்டுப் பேசுங்க." மணி அடித்தது.

அண்ணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அண்ணனைப் பார்த்தாள். "சொல்லலாமா?" என்றாள்.

"தெரியாதவங்கதானே, சொல்லு."

"வியாதியைக்கூட சமாளிச்சிடலாங்க. உங்க தங்கச்சியைத்தான் சமாளிக்க முடியல."

எழுந்து போயிருக்க வேண்டிய இடம் இதுதான். இதற்கு மேல் எந்தச் சால்ஜாப்பும் செல்லாது. ஆனால் அண்ணன் இருக்கிறானே, விட்டுக்கொடுக்க மாட்டான், அவன் என்ன பதில் சொல்கிறான் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எவனாவது அவள் சடையை இழுத்தால் சட்டையைப் பிடித்துவிடுகிற அண்ணன் அவன்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்ஸ்பெக்டரைச் சொல்றியா?" என்றான். வாண்டும் கைதட்டிச் சிரித்தாள். ஆக, வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் இருந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

"ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்கன்னு சனிக்கிழமையே ஃப்ரிட்ஜைக் காலி பண்ண ஆரம்பிச்சிடறேன்" என்றாள் அண்ணி. "வந்ததும் செருப்பைக் கழட்டினாங்களோ இல்லையோ, ஃப்ரிட்ஜைத் திறப்பாங்க. அப்புறம் சுகர் பாக்கற மிஷினை எடுத்து நம்பர் பாப்பாங்க. ஒரு நாள் கூடுதலா இருந்துச்சுன்னு எங்க அம்மா முன்னாலயே கேட்டாங்களே, 'பெத்தவங்களுக்கு இதைவிட வேற என்ன வேலை?'ன்னு. அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அதுக்குத்தானே என் விரலைக் குடுக்கிறேன்."

அவளுக்குப் புரியவில்லை. அண்ணி அடுத்துச் சொன்னதும் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாண்டுக்குக் குத்திப் பார்ப்பார்கள். நம்பர் ஏறியிருந்தால் அண்ணன் விரலிலும் குத்தி, அந்த ரத்தத்தையும் மிஷினில் வைப்பார்கள். கடைசியாகப் பதிவான நம்பர் நன்றாக இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். அந்த நம்பர்களைப் பார்த்துத்தான் அவள் தன் மாணவர்களிடம் பெருமையடித்திருந்தாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், என்ன அழகா சமாளிக்கிறாங்க தெரியுமா!" என்று. அத்தனையும் அண்ணனுடைய ரத்தம்.

காது மடல்கள் சுட்டன. போதும், எழுந்திருடி என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. எழுந்திருக்கவில்லை. தன்னைப் பற்றி இன்னும் என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்கிற அற்ப ஆசை அவளை நாற்காலியோடு அழுத்தி வைத்திருந்தது. அதைவிடக் கேவலம், கை பாட்டுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. 'அம்மா' என்ற வரிசையில், பழி போடுதல் என்ற இடத்தில், முழு மதிப்பெண்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் வாண்டு. "அம்மா திட்டக் கூடாது."

"சொல்லு, திட்டல."

"ஒரு நாள் அத்தை வந்திருந்தப்ப எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு. வேர்த்து ஊத்துச்சு. சுகர் இறங்கிடுச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. சொன்னா அத்தை உன்னைத் திட்டுவாங்கல்ல? அதான் பாத்ரூம்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்."

அண்ணியின் முகம் மாறிவிட்டது. "என்னடி சொல்ற? எங்ககிட்டகூட சொல்லலையே!"

"சோப்பு டப்பாவுக்குப் பின்னால சர்க்கரை ஒளிச்சு வச்சிருக்கேன். அதை வாயில போட்டுக்கிட்டுக் கீழ உக்காந்துக்குவேன். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். அத்தை வெளிய பேசிட்டே இருந்தாங்க. அதனால யாருக்கும் தெரியல." சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்த பெருமை அவள் முகத்தில் இருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அத்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குழந்தை மனசுவிட்டுப் பேசுகிற சூழ்நிலை வீட்டில் வேண்டும் என்று ஹாலில் உட்கார்ந்து விளக்கு விளக்கென்று விளக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சுவர் தள்ளி ஈரத்தரையில் அந்தக் குழந்தை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. மயங்கி விழுந்திருந்தால்? உள்ளே தாழ்ப்பாள் வேறு. நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மணி அடித்தது. அண்ணி வாண்டை இறுக்கி அணைத்தபடி வெளியே போனாள். அண்ணன் சிரிக்கவில்லை.

கண்டக்டர் இருட்டறைக்குள் வந்தார். "எப்படிப் பேசினாங்க பாத்தீங்களா மேடம்? இத்தனை நாள்ல இப்படி யாரும் மனசைத் திறந்து பேசினதில்ல. அந்த நாத்தனார் யாரோ, மகராசி."

"இது செல்லாது" என்றாள் அவள். "தெரிஞ்சவங்க."

கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "அய்யய்யோ. எங்கே, உங்க தெருவா? சரி, பாத்த உடனே எந்திரிச்சிட்டீங்கல்ல?"

"ஆமா. உடனே."

ஹெட்ஃபோன் இன்னும் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மேஜையில் மதிப்பெண் தாள் கடைசி வரி வரை நிரம்பியிருந்தது. கண்டக்டர் இரண்டையும் பார்த்தார். கேட்டிருந்தால்கூடத் தேவலை. "அவங்களுக்குச் சொல்லியாகணுமே மேடம். நம்ம விதி அப்படி. நான் சாயங்காலம் ஃபோன் பண்ணிடறேன்" என்று மட்டும் சொன்னார்.

"வேணாம். நானே நேர்ல போய்ச் சொல்றேன்."

அது வியாழக்கிழமை. இரண்டு வருஷத்தில் ஞாயிறு அல்லாத ஒரு நாளில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனது அன்றுதான். கதவு ஒருக்களித்திருந்தது. டிவி ஓடியது. வாண்டு சோபாவில் தலைகீழாகக் கால்களைச் சுவரில் சாய்த்துப் படுத்திருந்தாள். மேஜையில் திறந்த பிஸ்கட் பாக்கெட். அண்ணி தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு நிம்மதியான வீட்டை அவள் அங்கே பார்த்ததே இல்லை.

"அண்ணி" என்றாள் வாசலில் நின்று.

எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. அண்ணன் டிவியை அணைத்தான். பிஸ்கட் பாக்கெட் சோபா மெத்தைக்கு அடியில் போனது. வாண்டு குட்டிக்கரணம் அடித்து எழுந்து பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அண்ணி எழுந்து நின்று, "வாங்க, வாங்க" என்றாள். கல்யாணமான புதிதில் 'வா' என்றுதான் கூப்பிடுவாள். எப்போது 'வாங்க' ஆனது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. அண்ணன் பழக்கதோஷத்தில் மிஷினைத் தேடி எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.

அதை அவள் வாங்கவில்லை. "காலைல கண்ணாடிக்குப் பின்னால நான்தான் இருந்தேன்" என்றாள்.

யாருக்கும் சட்டென்று விளங்கவில்லை. அண்ணிக்குத்தான் முதலில் விளங்கியது. கையிலிருந்த துணி நழுவியது. "எங்களைப் பாத்ததும் போயிட்டீங்கதானே?"

"போகல. கடைசி வரைக்கும் கேட்டேன். கேட்கக் கூடாது அண்ணி, அந்த விதியே நான் போட்டது. இருந்தும் கேட்டேன்." ஒத்திகை பார்த்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "நீங்க பேசினது எதுவும் கணக்குல சேராது. அழிச்சாச்சு. நான் உங்களை அப்படிப் படுத்தினதுக்கு... என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அண்ணியோ முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். "தெரியாதவங்கன்னு சொன்னாங்களே" என்றாள் கைகளுக்குள்ளிருந்து. "தெரியாதவங்கன்னு நம்பித்தானே வாயைத் திறந்தேன். வேற யார்கிட்ட நான் சொல்றது?"

அண்ணன் மிஷினைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றான். "நீ படிச்சவ" என்றான். "உன்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்ல எங்களுக்கு வரல. அதுக்காக இப்படியா ஒட்டுக் கேட்பே?" சத்தமில்லாமல்தான் கேட்டான். அவள் தலை நிமிரவில்லை. அண்ணன் வீட்டுத் தரையின் விரிசல்களைப் பார்த்துக்கொண்டு, உடம்பெல்லாம் கூசி நின்றாள்.

வாண்டு மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அம்மா அழுகிறாள், அப்பா இறுகிப்போய் நிற்கிறான், அத்தை மன்னிப்புக் கேட்கிறாள். தான் பாத்ரூம் கதையைச் சொன்னதால்தான் இத்தனையும் என்று அந்த ஒன்பது வயது எப்படியோ முடிவு கட்டிவிட்டது. மெல்ல வந்து அத்தைக்காரியின் கையைத் தொட்டாள்.

"அத்தை, நாங்க பேசினது செல்லாதா?"

"செல்லாதுடா கண்ணு. நீ ஒண்ணும் தப்புப் பண்ணல. தப்பெல்லாம் அத்தை மேலதான்."

"அப்ப இன்னொரு தடவை பேசட்டுமா?" என்றாள் வாண்டு. பதிலுக்குக் காத்திருக்காமல் சோபாவில் ஏறி உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை சரியா பேசறேன். வீட்ல எங்களுக்குக் கஷ்டமே இல்ல. அம்மா நல்லா பாத்துக்கறாங்க. அத்தை வந்தா ஜாலியா இருக்கும். எனக்கு சுகர் இறங்கறதே இல்ல."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்று அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.