எஜமானி வேஷம்

“ஜண்டிரா, தண்ணி கொண்டா.”

“ம்ஹூம். பிச்சை கேக்குற மாதிரி இருக்கும்மா.”

“தண்ணி கொண்டாடீ!”

“இப்ப அழுவுற மாதிரி இருக்கு.”

சுல்மிரா வசனத்தாளைச் சோபாவில் வீசினாள். நாளைக் காலைக்குள் எஜமானியம்மாவின் குரல் வந்தாக வேண்டும். வராவிட்டால் வேஷம் வேறொருத்திக்குப் போய்விடும்.

பிரேசிலின் ரியோவில் சுல்மிராவைத் தெரியாதவர் யார்? நாற்பது வருஷமாகத் தொலைக்காட்சித் தொடர்களில், நாட்டில் பாதிப்பேர் கண்ணெதிரே காபித் தட்டோடு வந்து நின்றவள். கறுப்புத் தோல், வெள்ளை ஏப்ரன். எத்தனை தொடர், எத்தனை விருது! அத்தனையும் வேலைக்காரி வேஷத்துக்குத்தான். அந்த வேலைக்காரிகளில் ஒருத்திக்காவது குடும்பப் பெயர் உண்டா, புருஷன் உண்டா, ஒரு தலைவலி காய்ச்சல்தான் உண்டா? கதை எழுதுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, பாவம்.

தலை நரைத்த பிறகு இப்போதுதான் மாளிகைக்காரி வேஷம் வந்திருக்கிறது. குடும்பப் பெயர் மட்டும் மூன்று! முதல் ஒத்திகை அன்று காலையில்தான் நடந்தது. வேலைக்காரியாக நடிக்கும் பெண் காபித் தட்டோடு வந்தாள். நம் மாளிகைக்காரி என்ன செய்தாள் தெரியுமோ? சட்டென்று எழுந்து தட்டை வாங்கி, எல்லோருக்கும் ஊற்ற ஆரம்பித்துவிட்டாள்! ஸ்டூடியோவே சிரித்தது. இயக்குநர் எவரால்டோ மட்டும் சிரிக்கவில்லை.

“சுல்மிராம்மா, நாளைக்கு இன்னொரு தடவை பாக்கலாம். சரிவரலேன்னா என்ன, சமையல்காரி வேஷம் இருக்கவே இருக்கு.”

சமையல்காரி! வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தை அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

“விடுங்கம்மா, ரொட்டி வாங்கியாறேன். சாப்பிட்டுட்டு மறுபடி பாப்போம்,” என்று ஜண்டிரா கிளம்பினாள். பல வருஷமாக இந்த வீட்டில் வேலை பார்க்கிறவள். அவளுக்கும் அதே கறுப்புத் தோல்தான்.

கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்த இன்டர்காம் அலறியது. ஐந்தாம் மாடி அம்மாள்.

“உங்க வேலைக்காரி எங்களோட முன்லிஃப்டுல ஏறி வர்றா. ஒரு வரைமுறை வேணாமா?”

சுல்மிரா இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த அன்று, வாயிற்காவலன் அவளையே வேலைக்காரர்கள் போகும் பின்லிஃப்டுக்குப் போகச் சொன்னவன்தான். அவள் போட்ட சத்தத்தில் மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. ‘ஆட்களைப் பிரித்து நடத்தக் கூடாது’ என்று முன்லிஃப்டில் பித்தளைப் பலகை மாட்டினார்கள். பலகை இன்றைக்கும் பளபளவென்றுதான் இருக்கிறது.

ஜண்டிரா ரொட்டியோடு உள்ளே வந்தாள்.

“எந்த லிஃப்டுல வந்தே?”

“பின்னாடி லிஃப்டு ரிப்பேரும்மா, அதான்...”

“ரிப்பேர்னா படி இல்லையா? உனக்குன்னு ஒரு வழி இருக்குல்ல? உன்னால நான் நாலு பேர்கிட்ட பேச்சு கேக்கணுமா?”

குரலை உயர்த்தவே இல்லை. தலையைக்கூட முழுசாகத் திருப்பவில்லை.

ஜண்டிரா ரொட்டிப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

“அம்மா! இதுதாம்மா! அச்சு அசல் எஜமானி! அப்படியே புடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க!”

அவள் கிண்டல் செய்யவில்லை, மனசாரச் சந்தோஷப்பட்டாள். அதுதான் சுல்மிராவால் தாங்க முடியவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசிப்போயிற்று. ஆனாலும் நடிகை அல்லவா? அந்தக் குரலைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒத்திகையில் அதே குரலில் தண்ணீர் கேட்டாள். தட்டு ஏந்திய பெண் நிஜமாகவே நடுங்கிப் போனாள். எவரால்டோ துள்ளிக் குதித்துக் கைதட்டினான்.

“அடேயப்பா! எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?”

“வீட்டுலதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சுல்மிராம்மாவுக்கு எப்போதும் குறும்புதான் என்றார்கள்.

சாயங்காலம் ஜண்டிரா கடைக்குக் கிளம்பும்போது சுல்மிரா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது. முன்கதவை அகலத் திறந்தாள்.

“வாடி. இனிமே நீ முன்லிஃப்டுலதான் போவணும். எவ என்ன சொல்றான்னு நானும் பாக்குறேன்!”

ஜண்டிரா சிரித்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“இப்ப வேணாம்மா. ஷூட்டிங் இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள அந்தக் குரல் மறந்துட்டா என்ன செய்வீங்க?”

கூடையை எடுத்துக்கொண்டு, பின்லிஃப்டுப் பக்கம் திறக்கும் சமையலறைக் கதவு வழியாகப் போய்விட்டாள். அந்த லிஃப்டை அன்று காலையே சரிசெய்துவிட்டிருந்தார்கள்.