வரிசை நின்றுபோன வளைவு

ஸ்கார்வன் கணவாயின் தடுப்புக் கம்பம் காலையிலிருந்து இறங்கியே கிடந்தது. மேலே காற்று அடங்கவில்லை. இம்மாதிரி நாட்களில் யாரும் தனியாக மலையேற முடியாது. பனி அள்ளும் வண்டி முன்னால் போகும், மற்றவர்கள் அதன் பின்னால் வரிசையாக, முன்வண்டியின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்தபடி போக வேண்டும். நடுவில் ஒருவன் நின்றுவிட்டால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான்.

பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவள் சுன்னிவா. வரிசைக்கும் அவளே பொறுப்பு. டீசல் இருக்கிறதா, கனத்த உடுப்பு இருக்கிறதா, லாரி என்றால் பனியில் வழுக்காமலிருக்க டயரில் பூட்டும் சங்கிலி இருக்கிறதா என்று வண்டி வண்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வரிசையில் முதலாவதாக நின்றது அஸ்லாக்கின் மீன் லாரி. வெளிநாட்டு லாரிகள் சங்கிலியில்லாமல் வந்து மலையை அடைத்துக்கொள்கின்றன என்று போன குளிர்காலத்தில் அவன் உள்ளூர் வானொலியில் பேசியதை எங்கள் பள்ளத்தாக்கில் கேட்காதவர்கள் இல்லை. கடைக்காரர்கூட அந்தப் பேச்சை அவனைப் போலவே பேசிக்காட்டுவார்.

அவனுக்குப் பின்னால் லித்துவேனியப் பதிவெண்ணுடன் ஒரு லாரி. அதன் ஓட்டுநர் ரொமுவால்தாஸ் பனியில் மண்டியிட்டு, சக்கரத்துக்குச் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தான். அடிவாரத்திலேயே சங்கிலி பூட்டுவது எங்கள் ஓட்டுநர்களிடையே கொஞ்சம் கௌரவக் குறைச்சல். மலை தெரியாதவன் செய்கிற காரியம் அது.

அஸ்லாக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான். "என்னப்பா, கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஜோடிப்பா? பண்டிகை முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு!"

ரொமுவால்தாஸ் நிமிரவில்லை. தட்டுத்தடுமாறும் நார்வேஜிய மொழியில், "மேலே போய் நீ கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடு. நான் கேக்கறேன்" என்றான்.

சுன்னிவா அவனுடைய சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து அஸ்லாக்கின் கதவைத் தட்டினாள்.

"நீ போட்டுக்கலையா?"

"எனக்கா? தேவைப்பட்டா போட்டுக்கறேன்."

"பெட்டியில இருக்குல்ல?"

"இல்லாம வருவேனா?"

அவள் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அஸ்லாக்கின் பெட்டியை யார் திறந்து பார்ப்பார்கள்?

சங்கிலி இருந்தது என்னவோ உண்மைதான். இலையுதிர் காலத்தில் அவன் லாரிக்கு அகலமான புது டயர்கள் போட்டிருந்தான். பழைய சங்கிலியை அவற்றின்மீது ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தான். நினைத்ததோடு சரி.

கிளம்பும் நேரத்தில் யோருன் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். அவள் அஸ்லாக்கின் பக்கத்துப் பண்ணைக்காரி. அவளுடைய கணவன் ஹல்வாருக்கு அன்று மதியம் கடற்கரை நகரத்து மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சை.

"அஸ்லாக், நேரத்துக்குப் போயிருவோமா? மயக்க மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட முகத்தைக் காட்டிரணும். பயந்து கெடக்கறாரு மனுஷன்."

"தாராளமாப் போயிரலாம். நேரம் நிறையவே இருக்கு."

"எனக்கு முன்னாடி அந்த லித்துவேனியாக்காரன் நிக்கறான். அவன் எங்கயாவது மாட்டிக்கிட்டான்னா?"

"மாட்ட மாட்டான். பாரு, பொண்ணு மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கான்."

யோருன் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

மரங்கள் முடியும் இடம்வரை ஒரு சிக்கலும் இல்லை. அதற்கு மேல் வானமும் பாதையும் ஒன்றாகிவிட்டன. பாதையின் ஓரத்தைக் காட்டும் கழிகள் தோன்றி மறைந்தன. கடைசி ஏற்றத்தின் வளைவில் காற்று பனியைச் சுரண்டித் தள்ளிவிட்டு அடியிலிருந்த பனிக்கட்டியைப் பளபளவென்று விட்டுவைத்திருந்தது. அஸ்லாக் கியரை மாற்றியபோது பின்சக்கரங்கள் சுழன்றன. லாரி ஏறவில்லை. ஒரு கணம் அசையாமல் நின்றது, பிறகு மெதுவாக, வெட்கப்படுவதுபோல், பக்கவாட்டில் நழுவிப் பாதையின் குறுக்கே சாய்ந்து நின்றது.

ரொமுவால்தாஸின் லாரி சற்றுக் கீழே சங்கிலி கடித்த பிடியில் அப்படியே நின்றது. அவனுக்குப் பின்னால் யோருன். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். யோருனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த லித்துவேனிய லாரியின் பின்விளக்குகள் மட்டுமே.

அஸ்லாக்கின் போன் அடித்தது.

"நின்னுட்டான் பாத்தியா!" என்றாள் யோருன். "நான் சொன்னேன்ல? நீ வானொலியில சொன்னது அத்தனையும் நெஜம். இவனுங்களையெல்லாம் மேல விடவே கூடாது. நீ தாண்டிப் போயிட்டியா? அங்கேருந்து தெரியுதா உனக்கு?"



"ம்" என்றான் அஸ்லாக். "கொஞ்சம் பொறு. சரியாயிரும்."

போனை வைத்துவிட்டு இறங்கினான். காற்று கதவைப் பிடுங்கியது. பெட்டியிலிருந்து சங்கிலியை இழுத்து வந்து டயரின்மேல் விரித்து, உள்பக்கக் கொக்கியை மாட்டினான். வெளிப்பக்கம் எட்டவில்லை. உதறி மறுபடி விரித்தான். கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே கைவிரல்கள் நுழையும் இடைவெளி. பலம் கொடுத்து இழுத்தான். சங்கிலிக்கு என்ன தெரியும், அவன் யாரென்று?

முன்னால் போயிருந்த சுன்னிவா, பின்னால் விளக்கைக் காணாமல் திரும்பி வந்திருந்தாள்.  டயரைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள்.

"புது டயரா?"

"ஆமா."

"போட்டே பாக்கலையா?"

அவன் கொக்கியை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தான்.

பனிப்புகையிலிருந்து ரொமுவால்தாஸ் வந்தான், தோளில் ஒரு ஜோடிச் சங்கிலியோடு. "என் டயரும் இதே அளவு. இது ரெண்டாவது செட்டு" என்றான். "நகரு. நான் பூட்டறேன்."

அவன் படுத்துப் பூட்டினான். அஸ்லாக் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவில் ரொமுவால்தாஸ் தலையைத் தூக்கி, "என்ன, பாட்டைக் காணோம்?" என்றான். சுன்னிவா சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலையின் மறுபக்கத்துத் தடுப்புக் கம்பத்துக்கு அவர்கள் வந்துசேர்ந்தபோது எல்லா வண்டிகளும் ஓரத்தில் நின்றன. லாரிக்காரர்கள் சங்கிலியைக் கழற்றும் இடம் அது. எதிர்ப்பக்கத்தில் மலையேறக் காத்திருந்த வரிசை ஏற்கெனவே நீண்டிருந்தது.

யோருன் போனைக் காதில் வைத்தபடி காரிலிருந்து இறங்கினாள். பேசி முடித்து, நேராக ரொமுவால்தாஸிடம் போனாள்.

"அவரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். என்னைத்தான் கேட்டாராம். புரியுதா உனக்கு? நீ அங்க நின்ன நேரம் எனக்கு வேணும். திருப்பிக் குடுப்பியா?"

ரொமுவால்தாஸ் கையுறையைக் கழற்றினான். அவளைப் பார்த்தான், பிறகு அஸ்லாக்கைப் பார்த்தான்.  சுன்னிவாவும் தன் வண்டியின் படியில் நின்று அஸ்லாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யோருன்" என்றான் அஸ்லாக். "நின்னது அவன் இல்ல. நான்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லவன். சண்டை வேணாம்னு பழியை எடுத்துத் தலையில போட்டுக்கறே. நான் கண்ணால பாத்தேன், அஸ்லாக். இவன் வண்டிதான் நின்னுச்சு."

பிடித்திருந்த அந்தக் கையை விடுவித்துக்கொள்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவன் சேர்த்துவைத்திருந்த நல்ல பெயர், இப்போது அவன் உண்மையைச் சொல்லும்போதும் குறுக்கே வந்து நின்றது. பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அப்படியே முடிந்துவிடும்.

"அவன் வண்டி என்னாலதான் நின்னுச்சு" என்றான். "நான் சங்கிலி போடல. என் சங்கிலி டயருக்குச் சேரல. என் சக்கரத்தைப் பாரு. அதுல இருக்கறது இவனோடது."

"என்னோடதுதான்" என்றான் ரொமுவால்தாஸ். "கழட்டிக் குடு. எனக்கு இன்னும் ரொம்ப தூரம் போகணும்."

யோருன் மீன் லாரியின் சக்கரத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அவள் கை அவன் கையை விட்டு மெல்ல நழுவியது.

"சங்கிலி சேரலங்கறது சரி" என்றாள். குரல் உயரவில்லை. "யாருக்கும் நடக்கும். நான் போன் பண்ணி, அவன் நின்னுட்டானா, தெரியுதான்னு கேட்டப்போ, 'ம்'னியே."

அஸ்லாக் தலைகுனிந்து நின்றான்.

அவள் ரொமுவால்தாஸிடம் திரும்பினாள். தலையை மட்டும் அசைத்துவிட்டு காரில் ஏறிப் போனாள். ஹல்வார் கண்விழிக்கும்போதாவது பக்கத்தில் இருக்க வேண்டுமே.

அஸ்லாக் மண்டியிட்டுச் சங்கிலியைக் கழற்றினான். பனியைத் தட்டி, சுருட்டி, ரொமுவால்தாஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். "நன்றி" என்றான். பிறகு, "மன்னிச்சுக்கோ" என்றான். ரொமுவால்தாஸ் சங்கிலியை வாங்கிப் பெட்டிக்குள் போட்டு மூடினான். "காபியாவது குடிச்சிட்டுப் போயேன்" என்று அஸ்லாக் கேட்டதற்கு, "இன்னிக்கு வேணாம்" என்று மட்டும் சொல்லி வண்டியை எடுத்தான்.

சுன்னிவா அடுத்த வரிசையைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். முதலில் நின்றது ஷெட்டிலின் மர லாரி. ஷெட்டில் எங்கள் ஊர்க்காரன், அஸ்லாக்கின் பள்ளித்தோழன்.

"பெட்டியைத் திற" என்றாள் சுன்னிவா.

"என்னையா சொல்றே?" ஷெட்டில் சிரித்தான். "நான் என்ன வெளிநாட்டுக்காரனா? ஏய் அஸ்லாக், இவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு!"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் தலையை நீட்டி, அஸ்லாக் என்ன கிண்டல் அடிக்கப்போகிறான் என்று காத்திருந்தார்கள்.

"திற, ஷெட்டில்" என்றான் அஸ்லாக். "சும்மா திறந்து காட்டினாப் போதாது. எடுத்து டயர்மேல போட்டுக் காட்டு. இன்னிக்கு மலையில வரிசையை நிறுத்தினது நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. ஷெட்டில் கீழே இறங்கி, அவனைப் பார்க்காமலே பெட்டியின் பக்கம் நடந்தான்.