கறுத்த தண்டுகளுக்குக் கீழே

கிழங்கு செத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். சாம்பவி மட்டும் கட்டவில்லை.

ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, சின்னச் சூரியகாந்திகள் போல மஞ்சளாகப் பூத்த செடிகள் அவை. மலையில் முதல் உறைபனி இறங்கிய காலையில் அத்தனையும் அவித்த கீரையாகக் கறுத்துத் தொங்கின. கீழே இத்தாலியின் பலேர்மோக் கடற்கரையில் தோடை பழுத்துத் தொங்குகிற அதே மாதத்தில், மேலே மலையூரான பியானாவில் வாளித் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். ஊர்கள் இரண்டுக்கும் நடுவில் ஒரு பேருந்துப் பயணம்தான். ஆனால் குளிருக்கு அது வேறு தேசம்.

சாம்பவியும் கணவன் கஜானனும் அவனுடைய தங்கை நிலக்சியும் பியானாவில், வீட்டுக்காரி சினியோரா பியேராவின் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சினியோரா மேல்மாடியில். சாம்பவி தினமும் பலேர்மோவின் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பேருந்தில் இறங்கி, பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் வேலை செய்தாள். அந்த வீட்டு அம்மா வடக்கே தொரினோக்காரி. சென்ற வசந்தத்தில் முளைவிட்ட கிழங்குகள் சிலவற்றை அவள்தான் கொடுத்தாள். தொப்பினம்பூர் என்று பெயர். பார்வைக்கு இஞ்சி மாதிரிக் கணுக்கணுவாக இருக்கும்.

"எங்கள் ஊரில் இது பனிக்கட்டிக்கு அடியில் நித்திரை கொள்ளும். நல்ல குளிர் பட்ட பிறகுதான் தோண்டுவோம்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

சாம்பவி முதல் பாதியை நினைவில் வைத்திருந்தாள். இரண்டாம் பாதியைப் பொறுமையில்லாமல் விழுங்கிவிட்டாள். ஒக்டோபரிலேயே தோண்டி, தேங்காய்ப்பாலில் கறி வைத்து, மேல்மாடிக்கும் ஒரு கோப்பை அனுப்பினாள். குளிர் படாத கிழங்கு வயிற்றில் வாயுவாக மாறியதில், அன்று இரவு அந்த வீட்டின் இரண்டு தளங்களிலும் எவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

"மேளக் கச்சேரி முடிஞ்சுதோ எண்டு சினியோரா கேக்கிறா" என்று காலையில் கஜானன் சொன்னான். "அவவின்ர பக்கத்திலயும் தவில் நடந்ததெண்டு நான் சொல்லேல்லை."

சாம்பவிக்குச் சிரிப்பு வரவில்லை. சினியோராவின் தம்பி மகன் சால்வோவுக்குப் பின்வளவில் சீமெந்து போட்டு இரண்டு கார் நிறுத்த ஆசை. அதுவரை அவனைத் தட்டிக்கழித்து வந்த சினியோரா, வயிறு பொருமிய அந்த இரவோடு மனம் மாறத் தொடங்கினாள்.

"என்னைக் கொல்லப் பார்த்த தோட்டத்துக்காக நான் சொந்தக்காரனோடு சண்டை பிடிக்கவேணுமா?" என்று படிக்கட்டில் நின்று இத்தாலியனில் கேட்டாள்.

பலேர்மோவில் சாம்பவி இருந்த வீடுகளில் எல்லாம் யன்னலோரச் சட்டிதான் அவளுடைய தோட்டம். கால் பதித்து நிற்க மண் என்று கிடைத்தது இங்கேதான். அதை இரண்டு கார்களுக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

"பொங்கலுக்கு இன்னொருக்கால் சமைத்துத் தருகிறேன், சினியோரா. அதைச் சாப்பிட்ட பிறகு முடிவு சொல்லுங்கள்."

ஒவ்வொரு தையிலும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் பழகியவள் சினியோரா. "அந்த இனிப்புச் சோறும் வரும் என்றால் சம்மதம்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் உறைபனி வந்தது. செடிகள் கறுத்த அன்று மாலை சாம்பவி வேலையால் வந்தபோது, பாத்தியில் பாதி கிண்டப்பட்டுக் கிடந்தது. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கடகம் நிறையக் கிழங்கு. கழுவித் துடைத்து, சாம்பல் பூசி, வடிவாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் கைகளைத் தேய்த்துச் சூடாக்கியபடி நிலக்சி நின்றாள்.

"ஆரடி உன்னைக் கிண்டச் சொன்னது?"

"மச்சாள், செடி செத்துப்போச்சு. கிழங்காவது மிஞ்சட்டும் எண்டுதான் எடுத்தனான். எங்கட வீட்டில இராசவள்ளியை இப்பிடித்தானே எடுத்து வைக்கிறது."

"இது இராசவள்ளி இல்லை."

"கிழங்கெண்டால் கிழங்குதானே. நீங்கள் வேலைக்குப் போயிட்டியள், நான் ஒருத்தி குளிருக்க நிண்டு காப்பாத்தினனான். ஒரு நன்றி இல்லை."

"நன்றி. மிச்சத்தைத் தொடாதை."

"அது நாளைக்கு அழுகியிடும்."

"அழுகட்டும். அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

சாம்பவி கறுத்த தண்டுகளை வெட்டி, அவற்றையே மிச்சப் பாத்திமேல் தடிப்பாகப் போர்த்தினாள். மண் இறுகிப்போகாமல் இருந்தால் போதும். கிழங்குக்குப் போர்வை தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். போர்த்திவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கீழே இருட்டுக்குள் உருண்டையும் நீளமுமாகக் குளிரை மெல்ல மெல்ல இனிப்பாக்கிக்கொண்டிருக்கும் கிழங்குகளை அவளால் கற்பனை செய்ய முடிந்தது. பேருந்தில் யன்னலோரம் இருக்கும்போதும் அதையே நினைத்தாள்.

அடுப்பின் பக்கத்தில் பத்திரமாக இருந்த கிழங்குகள் ஒரு கிழமைக்குள் சுருங்கத் தொடங்கின. அடுத்த கிழமை அவை நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்கள் மாதிரி இருந்தன. நிலக்சி கடகத்தை ஒரு துணியால் மூடிவைத்தாள். கஜானன் கடந்து போகும்போதெல்லாம் துணியைத் தூக்கிப் பார்த்து, "பாட்டிமார் சுகமோ?" என்று விசாரித்தான்.

வெளியே உறைபனி இன்னும் பலமுறை இறங்கியது. பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை சால்வோ வந்து, வளவின் நான்கு மூலையிலும் மரக்குச்சி அடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனான்.

"கயிறு கட்டிப்போட்டான், மச்சாள்" என்றாள் நிலக்சி.

"கயிறுதானே. அவிழ்க்கலாம்."

பொங்கலன்று காலை பொங்கிப் படைத்து முடிந்ததும், சாம்பவி மண்வெட்டியோடு நிலக்சியையும் கூட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். படிக்கட்டில் சினியோராவும் சால்வோவும் நின்றார்கள். சால்வோ கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சிரித்தான். போர்த்தியிருந்த தண்டுகளில் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அவள் அவற்றைத் தள்ளிவிட்டு மண்வெட்டியைப் போட்டாள். மேல்மண் நொறுங்கியது, கீழே வெறும் மண். கொஞ்சம் தள்ளி, தண்டின் கட்டையை ஒட்டி இன்னொரு கொத்து.

மண் புரண்டது. அதோடு கிழங்குகளும் புரண்டு வந்தன, கொத்துக் கொத்தாக, இறுக்கமாக, ஈரமாக. ஒன்றை எடுத்து முறித்தாள். ஒலி படிக்கட்டு வரைக்கும் கேட்டது.

"உன்ர கடகத்தில ஒண்டை முறிச்சுக் காட்டு பாப்பம்" என்றாள் நிலக்சியிடம்.

"அதுகள் முறியாது மச்சாள், வளையும்" என்று நிலக்சி சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். பிறகு முழங்காலிட்டுக் கிழங்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

இந்த முறை சாம்பவி அவசரப்படவில்லை. உள்ளியும் இஞ்சியும் பெருஞ்சீரகமும் தாராளமாகப் போட்டு, மெல்லிய தீயில் நன்றாக வேகவிட்டாள். கறி உப்பையும் மீறி இனித்தது. சினியோரா முதலில் கரண்டி நுனியால் தொட்டாள். பிறகு கோப்பையை வழித்தாள். சால்வோவும் இரண்டு தரம் வாங்கினான்.

"எப்படி?" என்று சாம்பவி கேட்டாள்.

"வாய் ஓம் என்கிறது. வயிறு நாளைக் காலையில் சொல்லும்" என்றாள் சினியோரா.

அன்று சாம்பவி நன்றாக நித்திரை கொண்டாள். விடிந்ததும் தேத்தண்ணீரோடு குசினிக்கு வந்த கஜானன் முகட்டைப் பார்த்துக் காது கொடுத்தான்.

"மேல ஒரு சத்தமும் இல்லை. உம்மட கிழங்கு மௌன விரதம்."

சத்தம் பின்வளவில் இருந்து வந்தது. சாம்பவி கதவைத் திறந்தாள். சினியோரா இரவுச் சட்டைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டு, பாத்தியின் மூலையில் குனிந்து நின்றாள். சால்வோவின் கயிறு அவிழ்ந்து நிலத்தில் கிடந்தது. அவன் அடித்த மரக்குச்சிகளில் ஒன்றைப் பிடுங்கி, அதனால் மண்ணைக் குத்திக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"இதற்குள் இன்னும் எவ்வளவு கிடக்கிறது?" என்று நிமிராமலே கேட்டாள்.

"மாசி முடியும் வரைக்கும் போதும், சினியோரா. இன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். மிச்சம் படுத்திருக்கட்டும்."

சினியோரா கொஞ்சம் யோசித்துவிட்டு, கிண்டிய குழியைக் காலால் மூடினாள். சாம்பவி மற்ற மூன்று குச்சிகளையும் பிடுங்கி, அடுப்புக்கு ஆகும் என்று பின்னால் வந்து நின்ற நிலக்சியின் கையில் கொடுத்தாள்.